ஞாயிற்றுக்கிழமை இலைக்கும் வண்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வெளிவேலைக்குப் போனதால்தான் நீலகிரியில் சிறு தேயிலைத் தோட்டங்களின் மகசூல் குறைந்துவிட்டது என்று பலரும் பேசுகிறார்கள். குன்னூர் பக்கம் ஒன்றேகால் ஏக்கரில் 30 வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள் நான். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

என் மாமனார் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் தேயிலை நாற்று வைத்ததே அவருடைய சம்பளத்தில்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்தால், இருட்டுவதற்குள் அரை மூட்டை இலை பறித்துவிடுவார். என் மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறான். அவனும் மாதாமாதம் பணம் அனுப்புகிறான். யூரியா, பொட்டாஷ் எல்லாம் அந்தப் பணம்தான். உரம் விழுந்ததும் செடி நன்றாகத் துளிர்க்கிறது. பறிக்கத்தான் கை இல்லை. கூலிக்கு ஆள் வைத்தால் இலை விலையில் பாதி அதற்கே போய்விடுகிறது.

சீனாவில் மக்காச்சோளம் விளைவிக்கும் குடும்பங்களைப் பற்றி 1999-இல் வெளிவந்த ஒரு ஆய்வை, வேளாண்மை படிக்கும் என் மகள் எனக்குச் சொன்னாள். வீட்டு ஆள் வெளியூர் வேலைக்குப் போனால் விளைச்சல் குறைகிறதாம்; அவர் அனுப்பும் பணம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறதாம். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். ஆனால் மக்காச்சோளத்துக்கு அறுவடை ஒரு தடவை. தேயிலையை 10, 12 நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். அது 20 நாளானால் இரண்டு இலை, ஒரு கொழுந்து என்பது போய் முற்றிய கரட்டு இலையாகிவிடும். விலையும் அப்புறம் கரட்டு இலை விலைதான்.

அதனால் என் மகன் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருகிறான். போன மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் சேர்ந்து 55 கிலோ பறித்தோம். நல்ல இலை. ஆனால் நாங்கள் இலை கொடுக்கும் தொழிற்சாலையின் வண்டி ஞாயிற்றுக்கிழமை வராது. மூட்டையை அவிழ்த்துத் திண்ணையில் முடிந்த அளவு பரப்பினோம், மீதி மூட்டையிலேயே இருந்தது. விடிகாலையில் கையை விட்டுப் பார்த்தேன், சோற்றுப் பானை போலச் சுட்டது. நடுவில் இருந்த இலை சிவந்து போயிருந்தது. எடை போட்டவர் 9 கிலோவைக் கழித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சிவந்த இலையை அவர் என்ன செய்வார்? பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த மகனுக்கு அதைப் போனில் சொல்லத்தான் மனசு வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று அவனிடம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஒன்றேகால் ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது. கூட்டுறவோ தனியாரோ, எல்லாத் தேயிலைத் தொழிற்சாலைகளையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஞாயிறு மாலை ஒரு நடை வண்டி அனுப்புங்கள். அன்றைக்கே இயந்திரத்தை ஓட்டச் சொல்லவில்லை. அரைப்பதற்கு முன் இலை வாட வேண்டும், அதற்கு எப்படியும் 12 முதல் 16 மணி நேரம் ஆகும். மாலையில் இலை வாட்டும் தொட்டியில் பரப்பினால் திங்கள் காலையில் அரைக்கப் பதமாக இருக்கும். ராத்திரி இலையைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்கள் போதும். வருடம் முழுக்க முடியாவிட்டால், இலை அதிகம் வரும் ஏப்ரல் முதல் ஜூன் வரையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
குன்னூர் வட்டம், நீலகிரி.