கரியன் சோலையில் கிடக்கும் மரம்

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். காற்றில் சாய்ந்த தென்னையை அறுத்து அப்புறப்படுத்தியதாக நான் எழுதியதற்கு, தோப்பிலேயே மக்க விட்டிருக்கலாமே என்று கேட்டிருந்தாய். மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதில் வளர்ந்து வரும் வண்டுகள் நிற்கிற மரங்களின் குருத்தைக் குடைந்துவிடும் என்பதால், தோப்பில் அதற்கு இடம் கொடுக்க முடியாது. காட்டில் நிலைமை வேறு என்பதைப் போன வாரம் ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப்புக்குப் போனபோது கண்ணாரக் கண்டேன்.

அங்குள்ள கரியன் சோலை என்ற காட்டுக்குள் வழிகாட்டியாக வந்த மலசர் பழங்குடிப் பெரியவர், விழுந்து பல வருடங்களாகிப் பாசி மூடிக் கிடந்த ஒரு பெருமரத்தின் அருகே எங்களை நிறுத்தி, அதன் பட்டையில் ஒரு சில்லை மெல்லத் தூக்கிக் காட்டினார். மரவட்டைகள் சுருண்டன, அரணை ஒன்று நழுவி ஓடியது; உள்ளே, உளுத்த மரத்தில் குடைந்த வழியொன்றில், பளபளக்கும் கருவண்டு இரண்டும் வெள்ளைப் புழுக்கள் சிலவும் இருந்தன. அவர் விரல் பட்டதும் ஒரு வண்டு கிறீச்சென்று சத்தமிட்டது. இவ்வகை வண்டுகளில் தாயும் தந்தையும் கூடவே இருந்து, மரத்தை மென்று தூளாக்கிப் புழுக்களுக்குக் கொடுத்து வளர்க்கின்றன என்று வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். சிறு வயதில் விறகு பொறுக்கப் போகும்போது உளுத்த கட்டைகளையெல்லாம் காலால் உதைத்து உடைத்தவன் நான். அது நினைவுக்கு வந்து, அன்றிரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருளை நன்றாகச் சிதைக்க வல்லவை பெரும்பாலும் சில பூஞ்சைகளே. அவை வேலை செய்த இடத்தில் கட்டை வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, மழை நீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருந்தது. கையால் அழுத்தியதும் தண்ணீர் கசிந்தது. அந்த ஈரத்தில், கட்டையின் முதுகிலேயே, விரல் உயரத்துக்கு நான்கைந்து மரக்கன்றுகள் முளைத்து நின்றன. மறுமுனையைக் கறையானுக்காகக் கரடி பிய்த்துப் போட்டிருந்தது.

வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்குகளை மலை மேலிருந்து சரித்து விட்டதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மரம் விழுந்த இடத்திலேயே கிடப்பதைப் பார்த்ததில் எனக்குப் பெரும் நிறைவு. தூக்கிய பட்டையைப் பெரியவர் முன்பிருந்தபடியே பொருத்தி மூடிவிட்டுத்தான் நகர்ந்தார்.

தை மாதம் நீ வரும்போது அங்கே கூட்டிப் போகிறேன். அட்டை இருக்கும், நீளமான காலுறை எடுத்து வா.

அன்புடன்,
அப்பா