தாங்குபட்டையோடு இருக்கும்போதே கண்ணாடியைக் கொடுங்கள்

மொரீஷியஸ் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் கைக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் நான். கைக் காயத்துக்குப் பிறகு செய்யும் கண்ணாடிப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். புயல் எச்சரிக்கை வந்த நாளொன்றில் கூரைத் தகரத்தை இறுக்கிக் கட்டப் போய் வலது மணிக்கட்டை அறுத்துக்கொண்டேன். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் சிலவும், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போகும் நடுநரம்பும் துண்டாகிவிட்டன. அன்றிரவே எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அந்த நன்றி என் ஆயுளுக்கும் உண்டு.

குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். கையை அசையாமல் பிடித்துவைக்கும் தாங்குபட்டையைக் கழற்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டை கழன்ற நாளில் கட்டைவிரலை மடக்கச் சொன்னபோது, எப்படி மடக்குவதென்றே எனக்குத் தெரியவில்லை. வலி தடுக்கவில்லை, வழி மறந்துபோயிருந்தது. யாருடைய கையோ என் மடியில் கிடப்பதுபோல இருந்தது.

பத்தாவது வாரத்தில் ஓர் இளம் சிகிச்சையாளர் மேசை நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினார். காயப்பட்ட கை அதன் பின்னே மறைந்தது. இடக்கையிலிருந்த மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். இரு கைகளும் ஒன்றுபோல் தெரியாவிட்டால் மனம் நம்பாதாம். இடக்கையின் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டேன். கண்ணாடியில் தெரிந்த பிம்பமோ, என் வலக்கையே தொட்டதுபோல் இருந்தது. மூன்றாம் நாள், மறைவிலிருந்த கட்டைவிரல் லேசாகத் துடித்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அழுதுவிட்டாள்.

இந்த முறையைத் தந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். இழந்த கையில் வலிக்கிறது என்றவர்களுக்காக 1990களில் அவர் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். பிறகு அது பக்கவாத நோயாளிகளுக்கும் போயிற்று. கை அறுவைக்குப் பிந்திய பயிற்சியில் கண்ணாடியைப் பயன்படுத்துவது பற்றி, சுவீடனின் மால்மோ நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரோசனும் லுண்ட்போரியும் 2005இல் எழுதினார்கள்.

தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனியை எட்ட மாதக்கணக்காகும். அதுவரை மூளையில் அந்த விரல்களுக்குரிய இடம் தரிசாகக் கிடப்பதில்லை. பக்கத்துப் பகுதிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. குரங்குகளின் நடுநரம்பை வெட்டி ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மெர்செனிக்கின் குழுவினர் 1980களிலேயே இதைக் காட்டினார்கள். அப்படியானால், பத்து வாரம் கழித்துக் கண்ணாடி கொடுப்பது, ஆள் குடியேறிய பிறகு வீட்டைப் பூட்டப் போவதுதானே? தசைநாண் தையல் ஆறாத நாட்களில் காயப்பட்ட கையை இஷ்டத்துக்கு அசைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அசையாமல் கிடக்கட்டும். கண்ணாடியில் அது அசைவதுபோல் தெரிவதைக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அசைக்க முடியாத கைக்குச் செய்யக்கூடிய பயிற்சி இது ஒன்றாவது இருக்கிறதே!

கண்ணாடியை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. பக்கவாதத்தில் நடந்த அளவுக்குக் கைக் காயங்களில் ஆய்வுகள் நடக்கவில்லை. மற்றப் பயிற்சிகளோடு சேர்ந்துதான் இது வேலை செய்யும். சிலருக்குத் தலை சுற்றும், வலி கூடும். அதனால்தான் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து தொடங்கி வைக்க வேண்டும் என்கிறேன்.

கைக் காயத்தோடு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், சிகிச்சையாளர் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து, ஒரு கண்ணாடியை இரவலாகத் தந்து அனுப்புங்கள். தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம். கரும்பு வெட்டும் காலத்தில் கத்தி பட்டு வருபவர்களுக்கும் ஆடைத் தொழிற்சாலையில் ஊசி ஏறி வரும் பெண்களுக்கும் கைதான் சம்பளம். அவர்களுக்குப் புரியும் கிரியோல் மொழியில் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பின் தமிழ் வடிவத்தை நானே எழுதித் தருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளி இல்லை. வார்டுக்கு வந்து என் கையைக் காட்டவும் தயார்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியன்