பள்ளிப் பெற்றோர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

சங்கத்தில் இருக்கிற அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கும், மலையை விட்டு இறங்கி சேலம், திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய் இதை போனில் படிக்கப்போகிற பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறார், பொதுக்குழுவில் அவரே படிப்பார். மற்ற வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் வகுப்பறைக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தோம். கழிப்பறைக்குக் குழாய் இழுத்தோம். சுதந்திர தினத்துக்கும் குழந்தைகள் தினத்துக்கும் வழக்கம்போல இனிப்பு கொடுத்தோம். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது ஜனவரி 6 முதல் 10 வரை, திங்கள் தொடங்கி வெள்ளி முடிய, நம் பள்ளியில் ஊர்க்காரர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஐந்து நாட்களைப் பற்றித்தான்.

அந்த வாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டிசம்பரைப் பற்றிப் பேசவேண்டும். நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மழையில் பழுத்த காப்பிப் பழம் வெடித்தும் உதிர்ந்தும் போனது, தோட்டங்களில் பறிப்பு தள்ளிப்போனது, தள்ளிப்போன வேலை முழுக்க ஜனவரியில் வந்து விழுந்தது. விடிந்ததும் அம்மா அப்பா இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்கும், இல்லையென்றால் அதுவும் கூடவே தோட்டத்துக்குப் போகும். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறந்தபோது 43 பேரில் 26 பேர்தான் வந்தார்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூலி கிடைக்கிற மாதம் அதுதான். ஆனால் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பறிப்புக் காலத்தில் ஒரு பிள்ளை 40 நாள் வராமல் இருந்தால் அந்த வருசப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நம் பள்ளி ஈராசிரியர் பள்ளி, 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான், அந்த இரண்டு பேரும் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். ஒரு மாதம் வராத பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்தையெல்லாம் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஆகவே டீச்சர்களோடு உட்கார்ந்து பேசினோம். பாடத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டோம். தலைமை ஆசிரியை சரி என்றதோடு நிற்காமல், ஊர்க்காரர் கொண்டு வருகிற பொருளை வைத்தே அன்றைய கணக்கையும் நடத்துகிறேன் என்றார். அந்த யோசனை அவருடையது, இதை இங்கே பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை 6 கிலோ காப்பிப் பழம் வந்தது. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சொந்தக் காட்டிலிருந்து பறித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் தராசில் நிறுத்து, பழம் பழமாக எண்ணி, இலை காம்பு பொறுக்கி, முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப் போட்டார்கள். காய்ந்து தோல் உரித்தால் எத்தனை கிலோ கொட்டை தேறும் என்று ஒவ்வொருவரையும் ஒரு எண் எழுதச் சொன்னார் டீச்சர். பாதிப் பேர் 5 கிலோ என்று எழுதினார்கள், ஒரு பையன் 6 என்றே எழுதினான். ஒரு கிலோ என்று எழுதியது ஒரே ஒருத்தி, அவள் தினமும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாலாம் வகுப்புப் பிள்ளை. வகுப்பில் பின்னால் உட்கார்ந்து வாயே திறக்காத பிள்ளை என்று நாம் நினைத்திருந்தவள் எழுந்து நின்று, தோல், சதை, ஈரம், அதுக்குள்ளே இருக்கிற ஓடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் போனால் ஆறில் ஒன்றுதான் மிஞ்சும் என்றாள். சாக்கை, பள்ளியில் காலை உணவு சமைக்கிற அக்கா பொங்கல் விடுமுறையில் தன் வீட்டுக் களத்துக்கு எடுத்துப்போய் தினமும் கிளறிவிட்டு, சாயங்காலம் பனிக்கு மூடிவைத்துப் பார்த்துக்கொண்டார். விடுமுறை முடிந்து உரித்து நிறுத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது.

இதிலிருந்து ஒரு விசயம் நடந்தது. தோட்டத்தில் பறித்த எடைக்கு எழுதித் தருகிற சீட்டுகளை அந்தப் பிள்ளை வீட்டில் கூட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மா 48 கிலோ பறித்த நாளுக்கு 8 கிலோ கொட்டை என்று சொல்லிக் காட்டியதோடு விடாமல், வாரத்து மொத்தத்தில் 10 கிலோ விட்டுப்போயிருப்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா போய்ச் சொன்னதும் எழுதுகிறவர் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டார், சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டது அந்த அம்மாதான்.

செவ்வாய்க்கிழமை வந்த பாட்டி சாமையும் மூன்று பழைய அளவைகளும் கொண்டுவந்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அவர் அளந்து அளந்து கொட்ட, டீச்சர் பக்கத்திலேயே அரைக்கால், கால், அரை என்று எழுதிக்கொண்டே போனார். பின்னம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஐந்தாம் வகுப்பு அன்றைக்கு உரியில் உழக்கைக் கழித்து, மிச்சத்தில் பாதியைக் கேட்டு, ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரும்பலகையில் இருந்த எட்டில் ஒன்றைக் காட்டி, இதுதான் ஆழாக்கா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன் அன்று பஸ் ஓட்டுகிற நம் ஊர் அப்பா ஒருவர். பள்ளி வெப்பமானியை வாங்கிக்கொண்டு போய், மதியம் ஒரு மணிக்கு சேலம் பேருந்து நிலையத்தில் நிழலில் வைத்துப் பார்த்தால் 31 டிகிரி, அதே நேரத்தில் பள்ளித் திண்ணையில் இன்னொன்றில் பிள்ளைகள் பார்த்தது 22. சேலம் 300 மீட்டர் உயரத்தை ஒட்டி, நாம் 1,500ஐ ஒட்டி, வித்தியாசம் 1,200. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்றால் 8 டிகிரிதானே குறையவேண்டும், ஒன்று ஏன் கூடுதல் என்று கேட்டான் ஒரு பையன். நகரத்துத் தார் ரோட்டையும் நம் மர நிழலையும் மூடுபனியையும் சேர்த்து டீச்சர் பதில் சொன்னார். 1,200ஐ 20 கொண்டை ஊசி வளைவால் வகுத்து, வளைவுக்கு 60 மீட்டர் என்றும் போட்டார்கள். அடிவாரம் வருவதற்குள்ளேயே கொஞ்சம் ஏறிவிடுகிறோம், அதையும் கழிக்கணும் சாமி என்று டிரைவர் திருத்தினார்.

வியாழன் நாம் போட்ட திட்டப்படி நடக்கவில்லை. காலையில் இரண்டு பிள்ளைகள் பத்தரை மணிக்குத்தான் வந்தார்கள், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் போகிற ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு ஒன்று நின்றிருக்கிறது. கிட்டே போகாமல், கல் எறியாமல், அது நகர்கிற வரை தள்ளி நின்று வந்தது அவர்களுடைய புத்திசாலித்தனம். கூட்டத்தைவிடத் தனியாகத் திரிகிற ஆண் மாட்டிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று வனக்காவலர் ஒருவர் அன்று மதியம் வந்து சொன்னார். அப்புறம் சாயங்காலமே கூடிப் பேசி, அந்தப் பாதையில் வருகிற ஒன்பது பிள்ளைகளோடும் தினம் ஒரு பெரியவர் நடப்பது என்று முறை போட்டோம். பிப்ரவரி பாதியில் அது நின்றுபோனது. வேலையை விட்டுவிட்டு யாராலும் தினமும் வரமுடியாது, அது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை ஊர்ச்செய்திப் பலகை தொடங்கியது. பள்ளி வெளிச்சுவரில் கறுப்பு அடித்து, ஒவ்வொரு குழுவும் ஊரில் விசாரித்த செய்தியை அவர்களே எழுதினார்கள். யார் வீட்டில் கன்று போட்டிருக்கிறது, காலை பஸ் எத்தனை மணிக்கு மாறியது, புதன்கிழமை காலை உணவுக்குப் போட்ட பொங்கலில் மிளகு எப்படி இருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, உள்ளே இலை கிடக்கிறது, நான் ஏறிப் பார்த்தேன் என்று எழுதினான். ஏறியதற்கு அவனுக்கு வசவு விழுந்தது. ஆனால் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தோம், திங்கட்கிழமை மூடி வந்துவிட்டது. வேலை முடிந்து திரும்புகிற அம்மாக்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அரும்பு நிலையில் இருந்த பிள்ளைகூட அம்மா முன்னால் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்காமல் நகர்வதில்லை. அந்த வெள்ளிக்கிழமை வருகை 40 பேர்.

காலை உணவையும் இதில் சேர்த்துச் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் இந்தத் திட்டம் வந்துவிட்டதால், அடுப்பு மூட்டாமல் தோட்டத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் பசியோடு உட்காருவதில்லை. அது இல்லாமல் இந்த வாரத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இனி நான் கேட்பது. ஆண்டு விழாவில் பந்தலுக்கும் மேடைக்கும் பொன்னாடைக்கும் போகிற பணத்தை வருகிற ஆண்டு குறைத்து, பறிப்பு நடக்கிற நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளோடு நடப்பதற்கு ஊரிலேயே ஒருவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். கைக்குழந்தைகளை மத்தியானம் வரை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும், இல்லையென்றால் அவர்களைப் பார்த்துக்கொள்கிற மூத்த பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். பலகைக்குக் கறுப்புப் பூச்சும் சாக்பீஸும் பெரிய செலவில்லை. சிலருக்கு இதில் வருத்தம் இருக்கலாம், விழா நன்றாக நடந்தால்தான் ஊருக்குப் பெருமை என்பார்கள். தீர்மானமாகக் கொண்டுவருகிறேன், எதிர்ப்பவர்கள் நேரில் வந்து பேசுங்கள், கேட்கிறேன்.

இன்னொன்று. ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிற ஏழு பிள்ளைகளில் மூன்று பேருக்கு இன்னும் சாதிச் சான்றிதழ் கையில் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறவர்கள் கடைசி வாரம் வரை விடாதீர்கள். விண்ணப்பம் எழுத வாரத்தில் எந்தச் சாயங்காலம் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன்.

பிள்ளைகள் எடை போட்ட அந்தக் காப்பிக் கொட்டை இன்னும் பள்ளி அலமாரியில் டப்பாவில் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முந்தின நாள் அதை வறுத்து அரைக்கப்போகிறோம், வருகிறவர்களுக்கு அந்தக் காப்பிதான். வறுத்த பிறகு எடை எவ்வளவு குறைந்தது என்று பிள்ளைகள் பலகையில் எழுதியிருப்பார்கள், உள்ளே வரும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்