கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. டொரொன்டோ போன பையன் ஞாயிறு மட்டும் கூப்பிட்டு, ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்று சொல்லி வைத்துவிடுகிறான் என்று குறைப்பட்டிருந்தாய். சரி, உனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததை அவனிடம் சொன்னாயா? எனக்கு மட்டும் எழுதத் தெரிகிறதா உனக்கு!

எங்கள் அப்பா 1969இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். மாதம் ஒரு நீல ஏர்மெயில் தாள் வரும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்டுவேன். ‘இவ்விடம் நலம்’ என்றுதான் தொடங்கும். ஒருமுறை கையெழுத்து கோழி கிளறினாற்போல இருந்தது. அவசரமாக எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டோம். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்து, பெட்டியைத் திறந்து கோடாலித் தைலத்தை எல்லோருக்கும் பங்கு வைத்தபோதுதான் பார்த்தோம், வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. வேலையிடத்தில் இரும்புத் தகடு விழுந்ததாம். அன்று முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை.

அதே அம்மா போன வருடம் கிணற்றடியில் விழுந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிச் சமாளித்திருக்கிறாள்! எதிர்வீட்டு அக்கா வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருச்சிக்கு நாலு மணி நேர விமானம்தானே என்று கத்தினேன். “உங்கப்பா மறைச்சதவிடவா?” என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல?

இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்பாய். ஒருமுறை வந்து, பதினோராவது மாடியில் ஒரு மாதம் இருந்தாள். தேக்கா சந்தையில் வாழைப்பூ வாங்கிய அன்று மட்டும் முகம் மலர்ந்தது. வாசல் தெளிக்க இடமில்லாத வீடு என்ன வீடு என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது தினமும் இங்கே இரவு எட்டரை, அங்கே ஆறு மணிக்குப் போன் போடுகிறேன். அவள் போனை உப்பு ஜாடியில் சாய்த்துவைத்துக் கீரை ஆய்வாள். நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். பாதி நேரம் பேச்சே இருக்காது. நேற்று, ஆடு முருங்கையைக் கடித்தது, மாத்திரை போட மறந்தது எல்லாம் சொல்லிவிட்டு, “இப்ப நீ சொல்லு” என்றாள். எனக்குப் பிரஷர் ஏறியிருப்பதைச் சொன்னேன். அரைமணி நேரம் திட்டு!

சொட்டு மருந்தை விடாமல் போடு. அப்புறம், வரும் ஞாயிறு பையன் கூப்பிடும்போது அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்.

அன்புடன்,
செல்வம்