நைனாவுக்குப் பனி காட்டியவர்களுக்கு

காசிமேட்டில் எங்கள் தெருக்காரர்களுக்கும், இமாசலப் பிரதேசத்தில் கல்பா என்ற மலைக்கிராமத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிற மடல் இது. கல்பாவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் நைனா 41 ஆண்டுகள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தகர கேனில் தண்ணீர் பிடித்து, அமோனியாவில் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்குவார்கள். மறுநாள் அது 50 கிலோ பாராக வெளியே வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து, மெஷினில் தள்ளி உடைத்து, விடிவதற்குள் விசைப்படகுகளுக்குக் கொடுத்தாக வேண்டும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில்தான் நாங்கள் அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். ஐஸ் உடைக்கும் மெஷின் அவருடைய இரண்டு காதுகளிலும் பாதியைத் தின்றுவிட்டது.

போன வருடம் தொலைக்காட்சியில் எங்கோ பனி கொட்டுவதைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர், "கரண்ட் இல்லாமல் இவ்வளவு ஐஸா? யார் பில் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே தொடங்கியதுதான் இந்தப் பயணம்.

முதல் நன்றி சீட்டு அத்தைக்கு. என் முறை வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணச் செலவா, மருத்துவச் செலவா என்று கேட்டவர், பனி பார்க்க என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த பிறகு படத்துக்குப் பெரிய மாலை போடுவதைவிட இது மேல்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தார். அத்தை, நீங்கள் சொன்னதை நைனாவிடம் சொல்லவில்லை. இப்போது படித்துவிடுவார்.

அடுத்தது, கப்பலுக்குப் போகிற அண்ணனுக்கு. வடகடல் துறைமுகங்களில் நீங்கள் போட்டுத் திரிந்த ஜாக்கெட்டைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். நைனாவுக்கு அது முழங்கால் வரை வந்தது. டெல்லி போய்ச் சேரும் வரை எங்கள் பெட்டி முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. குரங்குக் குல்லா பின்னிக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், பத்து நாள் அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொண்ட அவருடைய மகளுக்கும் நன்றி. அம்மா வரவில்லை. "மார்கழிப் பனிக்கே எனக்கு மூக்கு அடைக்கிறது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அறைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று முன்பணம் வாங்கிய ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றோரமாக, பாறையைக் குடைந்து போட்ட சாலையில் நாள் முழுக்கக் குலுங்கி, கல்பாவுக்குக் கீழே இருக்கிற ரெக்காங் பியோவில் இறங்கியபோது அவருடைய போன் அணைந்திருந்தது. அவருக்கு இந்த மடலில் இவ்வளவு இடம் போதும். பஸ் நிலையத்தில் இருட்டும் நேரத்தில் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த கண்டக்டர், கல்பாவில் தனக்குத் தெரிந்த வீட்டுக்குப் போன் செய்து, ஜீப்பில் ஏற்றிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஐயா. மன்னிக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர்கள் ஆப்பிள் தோட்டக்காரர்கள். வீடு கடல்மட்டத்திலிருந்து 2,960 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கின்னர் கைலாஷ் மலை. அறை நடுவில் விறகு எரிகிற இரும்பு அடுப்பு ஒன்று உண்டு. அதைத் தந்தூர் என்கிறார்கள். அந்த அம்மா நைனாவை அதன் பக்கத்தில் உட்கார வைத்து, 'பாபுஜி' என்று கூப்பிட்டு, ராஜ்மாவும் சோறும் போட்டார். என் அரைகுறை இந்தியில் பேச்சு ஓடியது. பனி விழாத வருடம் ஆப்பிள் சரியாகப் பூக்காதாம்; மரத்துக்கு அந்தக் குளிர் வேண்டுமாம். நமக்கு வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்றால், அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிற மேற்கத்திய இடையூறு. அதற்காகத்தான் அவர்கள் வானிலை அறிக்கை கேட்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் சியாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பனி வழியை அடைத்துவிடும் என்று இங்கே 1951 அக்டோபரிலேயே தேர்தல் நடத்திவிட்டார்களாம். 2022-இல் அவர் இறக்கும் வரை ஊரே அவரைக் கொண்டாடியிருக்கிறது. நைனா இதை என் வாயசைவில் பாதி புரிந்துகொண்டு, "பனிக்குப் பயந்து ஓட்டா!" என்று வியந்தார்.

இரண்டாம் நாள் விடியற்காலை அந்த அம்மா கதவைத் தட்டி எழுப்பினார். முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. நைனா குல்லாவும் ஜாக்கெட்டுமாக வெளியே போய் நின்றார். கையை நீட்டினார். ஜாக்கெட்டின் கறுப்புக் கையில் விழுந்த துணுக்குகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்; ஒவ்வொன்றுக்கும் ஆறு கால். பிறகு கைநிறைய அள்ளி, தொழில்காரர் பார்ப்பதுபோல் எடை பார்த்தார்.

"இது ஐஸ் இல்லை. இதில் பாதிக்கு மேல் காற்று" என்றார். "நம் பாரில் நடுவில் மட்டும் வெள்ளையாக இருக்கும், பார்த்திருக்கிறாய் அல்லவா? காற்று மாட்டிக்கொண்ட இடம். இங்கே எல்லாமே அந்த இடம்தான்."

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "சத்தம் வருகிறதா?" என்று கேட்டார். நான் காது கொடுத்துக் கேட்டேன். கூரையில், தேவதாரு மரத்தில், எங்கள் தோளில் எல்லாம் விழுகிறது, சத்தமே இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்படியென்றால் உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது" என்றார்.

மூன்றாம் நாள் வெயில் அடித்து, உருகி, இரவில் மறுபடி உறைந்த பாதையில் வழுக்கி விழுந்தார். ஐஸ் கம்பெனியின் ஈரத் தரையில் 41 வருடம் வெறுங்காலோடு நடந்து ஒருமுறைகூட விழாதவர்! மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் "ஐயோ நைனா" என்று கத்தியதைக் கேட்டுத்தான், சாலையில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஓடிவந்தார். "எந்த ஊரம்மா?" என்று தமிழில் கேட்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். தன் வண்டியிலேயே கீழே ரெக்காங் பியோ மருத்துவமனைக்கு அழைத்துப் போய், படம் எடுத்து எலும்பு முறியவில்லை என்று தெரிகிற வரை கூடவே இருந்தார். தம்பி, மாசக் கணக்கில் தமிழ் பேசவில்லை என்று சொல்லித் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தீர்கள். நைனாவுக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த மடலை அந்த வீட்டு அம்மாவுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். ராஜ்மா பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்களை மடக்க முடிகிறது. வீட்டுக்காரர் தலையில் வைத்துவிட்ட பச்சைப் பட்டை போட்ட கின்னௌர் தொப்பியோடுதான் இப்போது டீக்கடைக்குப் போகிறார், இந்தத் தை மாதப் புழுக்கத்திலும். ஐஸ் கம்பெனிப் பழைய கூட்டாளிகள் கேட்டால் ஆறு காலையும் விரலால் காற்றில் வரைந்து காட்டுகிறார்.

அத்தை, அக்கா, உங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் சில்கோசா வைத்திருக்கிறேன். அங்கே பைன் மரத்தில் விளைகிற பருப்பு, தோலை உரித்துத்தான் தின்ன வேண்டும். கப்பல் அண்ணன், ஜாக்கெட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். இடது பையில் ஒரு தேவதாருக் கிளை இருந்தது. நைனா அதை எடுக்க வேண்டாம் என்கிறார். நீங்களே வந்து அவரிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும்.