உயரத்துக்கு வகுத்த விதியை வெயிலுக்கும் வகுத்துத் தாருங்கள்

டெல்லியிலுள்ள ராணுவ உடலியல் ஆய்வகமான டிபாஸின் விஞ்ஞானிகளுக்கு வணக்கம்.

1962 சீனப் போரின்போது சமவெளியில் இருந்த வீரர்களை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் குண்டடி படாமலேயே, உயரத்துக்கு உடல் பழகாததால் நுரையீரலில் நீர் கோத்துச் சாய்ந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் அப்படி மலைநோய் கண்ட 1,925 பேரைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரையை மருத்துவ உலகம் இன்னும் மேற்கோள் காட்டுகிறது. உங்கள் நிறுவனம் தொடங்கியதும் அதே 1962-இல்தான். இன்று மேலே போகும் வீரர் 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் 4 நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்கிறார். முதல் இரண்டு நாள் ஓய்வு. எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய விதி இது!

வெயிலுக்கும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். ராணுவத்துக்குள் அல்ல, வெளியே.

வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குள் ரத்தத்தில் நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும். சில வாரம் வேலைக்கு வராமல் இருந்தால் பழகியதெல்லாம் போய்விடும். அதனால்தான் வெயிலில் வேலை செய்து இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் வேலை, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவது என்று அமெரிக்காவில் பரிந்துரையே இருக்கிறது. இங்கே ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே கட்டட வேலையில் முழு நாளும் சுமை தூக்குகிறார்கள்.

தூத்துக்குடி உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பில் பட்டு முகத்துக்கு நேரே திரும்பி அடிக்கிறது. கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. நிழலில் வைத்த வெப்பமானிக்கு இதெல்லாம் தெரியாது. ஈரம், கதிர்வீச்சு, காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் உருண்டைக் குறியீட்டை 1950-களில் ராணுவப் பயிற்சி முகாம்களுக்காகத்தான் உருவாக்கினார்கள். அது ஏன் உப்பளத்துக்கு வரவில்லை?

ஆனால் ராணுவ அட்டவணையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தேர்வு வைத்து எடுத்த இளைஞர்களை அளந்து போட்ட கணக்கு அது. உப்பு வாருபவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இருக்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். சரி, இவர்களுக்கு எத்தனை நிமிடம் வேலை, எத்தனை நிமிடம் ஓய்வு? இவர்களிடமே அளந்து சொல்ல வேண்டும். அளக்கும் கருவியும் அனுபவமும் உங்களிடம் இருக்கின்றன.

இன்னொன்றை உடனே செய்யலாம். வெயிலில் மயங்கி விழுந்தவரை முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது ராணுவ மருத்துவம் நன்கு அறிந்த பாடம். தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த நீரை ஊற்றி அசைத்துக்கொண்டே இருந்தால் போதும். முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். இதை ஒரு பக்கத்தில், படத்தோடு, தமிழ் உட்பட எல்லா இந்திய மொழிகளிலும் உங்கள் பெயரில் வெளியிடுங்கள். ராணுவ ஆய்வகம் சொன்னது என்றால் மேஸ்திரியும் கேட்பார், முதலாளியும் கேட்பார்.

அடுத்த கோடைக்கு முன் அந்த ஒரு பக்கமாவது வர வேண்டும். வேலை, ஓய்வு அட்டவணைக்கான ஆய்வை எந்த உப்பளத்தில், எந்தச் செங்கல் சூளையில் தொடங்கப் போகிறீர்கள் என்பதையும் அதோடு அறிவியுங்கள்.