சீனா புறப்படும் பினாங்குப் பேராளர்களுக்கு

பினாங்கு மாநில அரசுக்கும், சீன அதிகாரிகளைச் சந்திக்கப் போகும் குழுக்களைத் தயார் செய்வோருக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். குழுவில் பினாங்குத் தமிழர்களாகிய எங்களைச் சேர்ப்பதென்றால் விமானம் ஏறும் நாளில் சேர்க்காதீர்கள். தயாரிப்புக் கூட்டத்தின் முதல் நாளே கூப்பிடுங்கள்.

1974 மே 31-ஆம் தேதி அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் கையெழுத்திட்ட மலேசிய-சீனக் கூட்டறிக்கை, மலாய்க்காரரும் சீனரும் பிற இனத்தாரும் வாழும் நாடு என்று மலேசியாவைக் குறிப்பிடுகிறது. அந்தப் 'பிற'வுக்குள்தான் நாங்கள் இருக்கிறோம். இரட்டைக் குடியுரிமையை இரு நாடுகளும் ஏற்பதில்லை என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஆகவே வீட்டில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசுகிறவரானாலும் தமிழ் பேசுகிறவரானாலும், அந்த மேசையில் உட்காரும்போது அவர் மலேசியர். குழு அப்படித்தான் பேச வேண்டும்.

சீனாவின் சியாமென் 1993 முதல் நமக்குச் சகோதர நகரம். அவர்கள் வட்டார மொழிக்கும் பினாங்கு ஹொக்கியனுக்கும் நெருங்கிய உறவு என்பதால் விருந்தில் பேச்சு சுலபமாக ஓடும். ஆனால் பேச்சுவார்த்தை நடப்பது மாண்டரினில். ஒருமுறை ஒரு வணிகக் குழுவோடு நானும் சீனா போயிருந்தேன். மொழிபெயர்ப்பாளரை விருந்தளித்தவர்களே தந்தார்கள். 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்று அவர்கள் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பி, மாதக்கணக்கில் காத்திருந்தோம். நம்மூரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அங்கே அதைக் காதில் சொல்ல எங்களுக்கென்று ஓர் ஆள் இல்லை. தயவுசெய்து சொந்த மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போங்கள்.

எதிரில் உட்காருபவர் யார் என்பதையும் முன்பே படித்துவிடுங்கள். சீன நகரங்களில் மேயரைவிடக் கட்சிச் செயலாளருக்கே அதிகாரம் அதிகம். அப்புறம், வெளியுறவு நம் அரசமைப்பில் மத்திய அரசின் கையில் இருக்கிறது. தைவான், தென்சீனக் கடல் என்று பேச்சு திரும்பினால் யார், எந்தச் சொற்களில் பதில் சொல்வது என்பதை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விருந்து மேசையில் வாய்தவறி விழும் ஒரு வாக்கியம்கூட மறுநாள் செய்தியாகிவிடும்.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ இலங்கையில் நட்ட, காலியில் கிடைத்த கல்வெட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். அதில் உள்ள தேதி 1409 பிப்ரவரி; கப்பல்கள் புறப்படும் முன்பே சீனாவில் வெட்டிய கல் அது. போகிற இடத்தில் யார் தமிழ் படிப்பார்கள் என்று கரையில் இருக்கும்போதே யோசித்திருக்கிறார்கள். சியாமெனுக்குப் பக்கத்திலுள்ள சுவான்சோவிலும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த உறவை எடுத்துச் சொல்ல, இவற்றைப் படித்தறிந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திரும்பி வந்ததும், கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழிலும் வெளியிடுங்கள். தயாரிப்புக் கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், மாநில அரசு அலுவலகம் இருக்கும் கொம்தாருக்கு நாங்களே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன்வாசி ஒருவர்